வீடிழந்தோர் எத்தனை பேர்?
அயர்லாந்துப் பஞ்சம் தரும் ஒரு பாடம்

1845 ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடிகளை ஒரு நோய் தாக்கியது. இலைகள் கருகின, கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. ஏழைகளின் அன்றாட உணவு அந்தக் கிழங்குதான். 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறி அந்நிய நாடுகளுக்குச் சென்றனர்.

இவற்றோடு இன்னொரு துயரமும் நடந்தது. பெருந்தொகையான குத்தகை விவசாயிகள் வீட்டிலிருந்தும் காணியிலிருந்தும் துரத்தப்பட்டனர். அவர்கள் எத்தனை பேர்? யார் யார்? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னரும் ஆய்வாளர்கள் இதைத் தேடி வருகின்றனர். அவர்கள் தேடும் விதத்தை இப்பாடத்தில் பார்ப்போம்.

ஏன் துரத்தினார்கள்?

காணியின் பெரும்பகுதி நிலப்பிரபுக்களுக்கே சொந்தம். சிறு விவசாயிகளில் அநேகரிடம் எழுத்திலான நீண்டகால உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை. பயிர் அழிந்ததும் குத்தகைப் பணம் நிலுவையானது. அத்துடன், வருட மதிப்பு 4 பவுணுக்கு மேற்படாத காணிகளுக்கான ஏழைகள் நிவாரண வரியை நிலப்பிரபுவே கட்ட வேண்டியிருந்தது. சிறு குடிகளை அகற்றினால் வரி குறையும். அந்த நிலத்தில் ஆடு மாடு வளர்க்கலாம்.

1847 இல் வந்த சட்டம் நிலைமையை மோசமாக்கியது. கால் ஏக்கருக்கு, அதாவது 40 பேர்ச்சுக்கு, மேல் காணி வைத்திருப்பவருக்கு அரச நிவாரணம் இல்லை என்றது அது. காணியை வைத்திருந்தால் பட்டினி. உணவு வேண்டுமானால் காணியை விட வேண்டும். பலர் பிள்ளைகளின் பசிக்காகக் காணியை ஒப்படைத்தனர். திரும்பி வராதபடி அவர்களுடைய வீட்டுக் கூரைகள் பிரிக்கப்பட்டன. சில இடங்களில் சிறு தொகை கொடுத்து, குடியிருந்தவரைக் கொண்டே வீட்டை இடிப்பித்தார்கள். பதிவில் இது "தாமாக விட்டுச் சென்றது" ஆகிவிடும்.

எங்கே தேடுகிறார்கள்?

முதலாவது, பொலிஸ் கணக்கு. வெளியேற்றங்களைப் பொலிஸார் 1849 இல்தான் முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கினர். 1849 முதல் 1854 வரை நிரந்தரமாக வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 250,000 பேர் என்கிறது அது. ஆனால் 1846, 1847, 1848 ஆகிய கொடிய ஆண்டுகள் இதில் இல்லை. "தாமாக" ஒப்படைத்தவர்களும் இதில் சேரவில்லை. ஆகவே உண்மைத் தொகை இதைவிட அதிகம். நீதிமன்ற வழக்குப் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் இதையே கூறுகின்றனர்.

இரண்டாவது, பெயர்ப்பட்டியல். கிளேயர் மாவட்டத்தின் கில்ரஷ் பகுதியில் ஏழைகள் நிவாரணச் சட்டப் பரிசோதகராக இருந்தவர் கப்டன் ஆதர் கெனடி. துரத்தப்பட்ட குடும்பங்களை அவர் ஊர் ஊராகப் பதிந்து மேலிடத்துக்கு அனுப்பினார். அவருடைய அறிக்கைகள் பாராளுமன்றம்வரை சென்றன. 1850 இல் ஒரு விசாரணைக் குழுவும் கூடியது. கில்ரஷ் பற்றி நாம் இன்று இவ்வளவு அறிவதற்கு ஓர் அலுவலர் பெயர்களை எழுதிவைத்ததே முக்கிய காரணம்.

மூன்றாவது, குடிசன மதிப்பும் வரைபடமும். ஒவ்வொரு குறிச்சியிலும் 1841 இலும் 1851 இலும் எத்தனை வீடுகள் இருந்தன என்ற தொகை அச்சில் உள்ளது. பழைய வரைபடத்தில் வீடுகள் நெருங்கியிருந்த இடம் பிந்திய வரைபடத்தில் வெறுமையாக இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அது மரணமா, கடல்கடந்த பயணமா, வெளியேற்றமா என்பதை வேறு பதிவுகளோடு ஒப்பிட்டே சொல்லலாம். குடும்பப் பெயர்கள் அடங்கிய 1841 மூலப் படிவங்களின் பெரும்பகுதி 1922 இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது அழிந்துபோயிற்று.

நான்காவது, நிலப்பிரபுக்களின் கணக்குப் புத்தகங்கள். ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்னும் இடத்தில் ஒரு பண்ணை மாளிகையில் கிடைத்த பழைய கடிதங்களும் கணக்குகளும் இன்று ஆய்வுக்கு உதவுகின்றன. அங்கே 1994 இல் பஞ்ச அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஆனால் இவை குத்தகை வாங்கியவரின் எழுத்து. கொடுத்தவரின் குரல் இவற்றில் அரிது.

ஐந்தாவது, மக்களின் நினைவு. 1945 இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு, பஞ்சம் பற்றிக் கேட்டறிந்ததை ஊர் முதியவர்களிடமிருந்து திரட்டியது. நினைவில் ஆண்டுகள் பிசகலாம். ஆனால் எந்த வீடு இடிந்தது, அந்தக் காணியைப் பின்னர் யார் எடுத்தார் என்பதை ஊர் எளிதில் மறப்பதில்லை.

நாம் கற்பது என்ன?

ஒரே பதிவை நம்பி உண்மையை முழுதாக அறிய முடியாது. ஒவ்வொன்றும் யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது, எதை விட்டுவிட்டது என்று கேட்க வேண்டும். அத்துடன், எழுதப்படாத குடும்பம் எண்ணிக்கையிலிருந்தும் விழுந்துவிடுகிறது. அயர்லாந்தில் துரத்தப்பட்டோரில் பலருக்கு எழுத்தறிவு இல்லை. அவர்களுக்காக எழுதியவர்களும் சிலரே. வீடிழந்தவர்களின் பெயரும் ஊரும் காணியின் எல்லைகளும் உடனுக்குடன் எழுதப்படுவது பிற்காலத்து நியாயத்துக்கு அத்திவாரமாகும்.

கலந்துரையாடுவோம்

1. பட்டினிக்கு அஞ்சிக் காணியை ஒப்படைத்தவரை "தாமாக விட்டவர்" என்று சொல்வது சரியா?
2. பொலிஸ் கணக்கு, பெயர்ப்பட்டியல், ஊர் நினைவு ஆகிய மூன்றும் முரண்பட்டால் எப்படி முடிவு செய்வீர்கள்?
3. உங்கள் வீடு, காணி, அயலவர் பற்றி உங்கள் குடும்பத்தில் எழுதப்பட்டிருப்பது எது? முதியவர்களின் நினைவில் மட்டும் இருப்பது எது? அதை இந்த வாரமே ஒரு கொப்பியில் யார் எழுதப்போகிறீர்கள்?