த்ரீ நாட் த்ரீ: தோள் கன்றாமல் சுட அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, இதுவரை பாயின்ட் டூ டூ ரைஃபிளில் சுட்டுப் பழகியவள் நீ. அடுத்து த்ரீ நாட் த்ரீ என்றதும், "மாடு மாதிரி உதைக்கும்டி" என்று தோழிகள் பயமுறுத்தியிருப்பார்கள். உதை உண்மைதான். 11 கிராம் குண்டு நொடிக்கு 740 மீட்டர் வேகத்தில் முன்னே பாய, 4 கிலோ துப்பாக்கி பின்னே வருகிறது. பாயின்ட் டூ டூவைவிடச் சுமார் 10 மடங்கு தள்ளல். த்ரீ நாட் த்ரீ சுடும் அந்தக் காலத்து லீ என்ஃபீல்டு ரைஃபிளில், தோளில் வைக்கும் கட்டையின் முனையில் ரப்பர் கிடையாது, பித்தளைத் தகடுதான். ஆனால் தோள் கன்றுவதற்கு முக்கால்வாசிக் காரணம், கட்டைக்கும் தோளுக்கும் நடுவே நீ விடும் இடைவெளி.

பயந்தவள் கட்டையைத் தோளில் படாமல் கொஞ்சம் தள்ளியே பிடிப்பாள். துப்பாக்கி அந்த இடைவெளியைத் தாண்டி வந்து எலும்பில் மோதும். இறுக்கி அணைத்துக்கொண்டால் உன் உடம்பும் கூடவே பின்னால் நகரும். அடி வெறும் தள்ளலாகிவிடும். எங்கே அணைப்பது? கையை முன்னால் நீட்டிப் பார். காறை எலும்புக்குக் கீழே, தோள் உருண்டைக்கு உள்பக்கம் ஒரு குழி விழும். முழுக் கட்டையும் அங்கே படிய வேண்டும். புஜத்தில் வைத்தால் நீலம் பூக்கும். காறை எலும்பில் வைத்தால் அதைவிட மோசம்.

இதை எந்த ஆண் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார்: பிரா பட்டியின் உலோக வளையம் சரியாக அந்தக் குழியில்தான் வரும். முதல் ரவுண்டிலேயே தோலைப் பதம் பார்த்துவிடும். சுடப்போகும் அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் பிரா போட்டுக்கொள். கழுத்துச் சங்கிலி, சேஃப்டி பின், பாக்கெட் பேனா எல்லாவற்றையும் எடுத்துவிடு. பின்கழுத்தில் பெரிய கொண்டை இருந்தால் படுத்தபடி தலை நிமிர்த்த வராது, தட்டையாகப் பின்னிக்கொள்.

உன் கை குட்டை என்றால் கட்டை நீளத்தையும் கவனி. லீ என்ஃபீல்டு கட்டைகள் பல நீளங்களில் செய்யப்பட்டன. சின்னதில் 'எஸ்', அதைவிடச் சின்னதில் 'பி' என்று முத்திரை இருக்கும். கிடைக்குமா என்று கேட்கத் தயங்காதே. தோளில் தடிமனான துண்டை மடித்து வைத்தால் வலி குறையும், ஆனால் கட்டை இன்னும் நீண்டது போலாகிக் கன்னம் சரியாகப் படியாது. மெல்லிய துண்டு போதும்.

நின்று சுட்டால் உடம்பு ஆடி உதையை வாங்கிக்கொள்ளும். படுத்துச் சுடும்போது பின்னால் நகர வழியில்லை. அதனால் வலி கூடுதல். அதிக ரவுண்டுகளைப் படுத்தபடி சுடாதே.

பயத்தில் பாதி சத்தத்தால் வருவது. காதுக்குள் பஞ்சு வைத்தால் போதாது. இயர் பிளக் வைத்து, மேலே இயர் மஃபும் போடு. கண்ணை மூடிக்கொண்டு ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறாயா என்று தெரிய வேண்டுமா? பயிற்சியாளரிடம் சொல்லி, உனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மி ரவுண்ட் போடச் சொல். வெடிக்காதபோதும் குழல் துள்ளினால், துள்ளவைத்தது நீதான். ட்ரிகரை இரண்டு கட்டமாக அழுத்து: முதலில் தளர்வு தீரட்டும், பிறகு மெதுவாக.

சுட்டு முடித்ததும் ஐஸைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடு. நீலம் பச்சையாகி மஞ்சளாகி மறைந்துவிடும். கை தூக்க முடியாவிட்டாலோ விரல் மரத்தாலோ டாக்டரிடம் போ. வலிக்கும்போது "இன்னும் அஞ்சு ரவுண்ட்" என்று யாராவது உசுப்பினால், கூச்சப்படாமல் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து வா.