புகையாத புகையிலையும் ஆறாத புண்ணும்

பீடியும் சுருட்டும் நெஞ்சைக் கெடுக்கும் என்பதை இன்று அறியாதார் இலர். ஊதுகின்ற தாத்தாவைப் பேரப்பிள்ளையே கடிந்துகொள்கிறது. ஆனால், கன்னத்தில் அடக்கிய புகையிலையை எவரும் குற்றமாகக் கருதுவதில்லை. அதில் நெருப்பில்லை, புகையில்லை, அருகிலிருப்போர்க்கு இடையூறில்லை. ஆதலின் தீங்கும் இல்லை என்று மக்கள் முடிவு கட்டிவிட்டனர். பல்லாண்டுகள் மிகுதியாகப் புகையிலை மெல்லுபவரின் உடலில் உண்மையில் நேர்வது யாது, அதனை முன்கூட்டியே கண்டுகொள்வது எவ்வாறு என்பவற்றை இத்திங்கள் பாடத்தில் ஆராய்வோம்.

கூட்டுறவு ஏட்டில் மருத்துவப் பாடம் எதற்கு என்று சில அங்கத்தினர்கள் வினவக்கூடும். கடன் மனுக்களைப் பார்வையிடுவது நமது அலுவல்களுள் ஒன்று. தறிக்கும் வலைக்கும் வாங்கிய கடன் வாய் அறுவைக்குச் செலவாகி, தவணை நின்று, பிணை நின்றவர் தலையில் பொறுப்பு விழுவதைக் கண்ட பின்பு இதனை வேறு துறையாரின் பொருள் என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் முகத்துவாரக்குப்பம் உள்ளது. பணியின் பொருட்டு அங்கே செல்லும்போதெல்லாம் ஒன்றைக் காண்கிறோம். படகிறங்கி வரும் ஆடவரில் பலர் பேசுமுன் ஒருபுறம் திரும்பித் துப்புகின்றனர். மீன் கூடை சுமக்கும் மூதாட்டியரின் முந்தானை முடிச்சில் வெற்றிலையோடு புகையிலைத் துண்டும் இருக்கிறது. காரணம் கேட்டால் தயங்காமல் கூறுகின்றனர்: கடற்காற்றில் தீக்குச்சி பற்றாது, கை எந்நேரமும் ஈரம், இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும், பாடு கிடைக்கும்வரை பசியை அடக்க வேண்டும். நெசவாளர் கூறும் காரணமும் ஏறக்குறைய இதுவே. பாவு நூலருகே ஒரு பொறி விழுந்தாலும் போயிற்று. கை நாடாவிலும் கால் மிதியிலும் இருக்கையில் ஓய்வாக இருப்பது வாய் ஒன்றுதான். பீடிக்கு இடமில்லாத தொழில்களில் புகையிலை வாய்க்குள் குடியேறியது இவ்வாறே.

இப்பழக்கம் எங்கோ சில குப்பங்களில் மட்டும் உள்ளதன்று. 2016-17ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், வயதுவந்தோர் 100 பேரில் ஏறத்தாழ 11 பேர் புகைப்பவர்களாகவும், 21 பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துபவர்களாகவும் இருந்தனர். நாம் அஞ்சுவது சிறியதை. அஞ்சாதிருப்பது அதனினும் இருமடங்கானதை.

எண்ணூர் மக்களுக்கு வேறு துன்பங்களும் உண்டு. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்து கழிமுகத்தில் பரவிய எண்ணெயை மீனவர்கள் வாளி கொண்டு அள்ளியதை நாடறியும். "ஆலைக் காத்துல வாழறோம்; இந்தப் பொட்டலமா எங்களைக் கொல்லப்போவுது?" என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், ஒரு தீங்கு மற்றொரு தீங்கைக் கழிப்பதில்லை; அதனோடு கூடிக்கொள்கிறது. காற்றைச் சீர்செய்ய மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பொட்டலத்தைக் கீழே போட எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். வெற்றிலையோடு சேரும் காய்ந்த புகையிலை, 'ஹான்ஸ்' என்று கடைத்தெருவில் வழங்கும் தூள், பாக்கும் புகையிலையும் கலந்த குட்கா, உதட்டிடுக்கில் செருகும் சிறு பை, மூக்குப்பொடி எனப் பெயர்கள் பல. அனைத்திலும் உள்ளது நிகோட்டின் என்னும் நஞ்சு. அது வாயின் மெல்லிய தோல் வழியே நேராக இரத்தத்தில் கலக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் இன்னும் விரைவாகக் கலக்கிறது. சுண்ணாம்பின் காரம் நிகோட்டினை விடுவித்துத் தருவதே காரணம். பழக்கத்தைக் கைவிட இயலாதபடி பிணிப்பது நிகோட்டின். புற்றை விளைவிப்பவை வேறு: புகையிலையைப் பதப்படுத்திப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் நைட்ரோசமைன் என்னும் பொருள்கள். ஆக, கட்டிப்போடுவது ஒன்று; வெட்டுவது மற்றொன்று.

முதலில் தெரிவது பல்லிலும் ஈற்றிலுமே. பற்கள் கறுக்கும், தேயும். புகையிலை தங்கும் இடத்தில் ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் தெரியும். பல்வலிக்குப் புகையிலை மருந்து என்று சொல்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வலி சற்றே மரத்துப்போவது மெய். ஆனால் பல்லைத் தாங்கும் ஈற்றை அழிப்பதும் அம்மருந்தே.

அடுத்து வருவது வெண்படலம். கன்னத்தின் உட்புறத்திலோ உதட்டின் உட்புறத்திலோ சுண்ணாம்பு பூசியது போன்ற திட்டு தோன்றும். வழித்தால் போகாது, வலிக்காது. அந்நிலையில் பழக்கத்தை நிறுத்தினால் பலருக்கு அது தானே மறைகிறது. சிவந்த திட்டாயின் ஆபத்து மிகுதி. ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பாக்கின் தீங்கைத் தனியே கூற வேண்டும். புகையிலை கூடாது, பாக்கு பரவாயில்லை என்று நம்புவோர் ஏராளம். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் சத்து, கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்களை மிகுதியாகப் பின்னச் செய்கிறது. மெல்லிய மல் துணி போன்றிருந்த கன்னம் கித்தான் போல விறைத்துப்போகிறது. வாய் சிறிது சிறிதாக மூடிக்கொள்கிறது. 2004ஆம் ஆண்டிலேயே உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தானும், புற்றை விளைவிப்பவை என வகுத்துவிட்டது.

முகத்துவாரக்குப்பத்தில் நாற்பது வயதைத் தாண்டிய மீனவர் ஒருவரைக் கண்டோம். பாக்குத்தூளும் புகையிலையும் கலந்த பொட்டலம் நாளொன்றுக்குப் பத்துக்குக் குறையாமல் பதினைந்து ஆண்டுகளாகப் போட்டு வந்தவர். அவருக்கு மட்டும் மிளகாயில்லாத குழம்பு தனியே கொதித்தது. "காரமே ஆவறதில்லை ஐயா, சூடா டீ குடிச்சாக்கூட எரியுதுங்கிறாரு" என்றார் மனைவியார். வயிற்றுக் கோளாறு என்று எண்ணி இரண்டு ஆண்டுகள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த எரிச்சல் வயிற்றைச் சார்ந்ததன்று. வாய் விறைக்கத் தொடங்கியதன் முதல் அறிவிப்பு. இப்போது அவர் வாயில் ஒரு விரல்தான் நுழைகிறது. சோற்றைக் குழைத்தே உண்கிறார். இவ்விறைப்பு வெண்படலத்தைப் போல் மறைவதில்லை. மேலும் கூடாமல் நிறுத்தலாம். பயிற்சியாலும் மருத்துவத்தாலும் ஓரளவு தளர்த்தலாம். பழைய வாய் திரும்புவது அரிது.

மூன்று விரல் சோதனையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே செய்து பார்க்கலாம். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைக்க வேண்டும். அவரவர் வாய்க்கு அவரவர் விரலே அளவுகோல். மூன்றும் நுழையாவிடில் பல் மருத்துவரைக் காண வேண்டும்.

இவற்றின் பின்னே வருவது வாய்ப்புற்று. புகையிலையை எந்த இடத்தில் அடக்குகிறோமோ அந்த இடத்திலேயே அது பெரும்பாலும் தோன்றுகிறது. இதனை நம் நாட்டு மருத்துவமனை ஒன்று நெடுநாளைக்கு முன்பே உலகிற்கு எடுத்துக் காட்டியது. அன்று தென் திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ஓர், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லண்டன் 'லான்செட்' இதழில் எழுதினார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நோயாளிகளின் வரிசை இன்னும் குறைந்தபாடில்லை.

இங்கே அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. சாதாரண வாய்ப்புண் வலிக்கும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் ஆறும். புற்றாக மாறும் புண் தொடக்கத்தில் வலிப்பதில்லை; ஆறுவதும் இல்லை. வலியில்லாததால் மக்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வலி தோன்றும்போது அது தாடை எலும்பையோ கழுத்து நெறிகளையோ எட்டியிருக்கும். கடன் கெடு தவறினால் சங்கம் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்பு அனுப்புகிறது அல்லவா? இந்நோயும் அவ்வாறே ஆண்டுக்கணக்கில் அறிவிப்பு அனுப்பிய பின்னரே ஜப்திக்கு வருகிறது. நாம் உறையைப் பிரிப்பதில்லை.

வாயோடு இது நிற்பதில்லை. விழுங்கும் சாறு உணவுக்குழலைத் தாக்குகிறது. கணையப் புற்றுக்கும் புகையிலை காரணமாகிறது. நிகோட்டின் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றி இருதயத்திற்குச் சுமை கூட்டுகிறது. கருவுற்ற பெண்கள் புகையிலை போட்டால் குழந்தை எடை குறைந்தோ, நாள் நிறையாமலோ, உயிரில்லாமலோ பிறக்க நேரிடுகிறது. மசக்கைக்கு இதமென்று மருமகளுக்கு மாமியார் புகையிலை கொடுக்கும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின் அஃது ஒழிய வேண்டும்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தேங்கிய கைத்தறித் துணியை 1953இல் தாமே தோளில் சுமந்து தெருவில் விற்ற பேரறிஞர் அண்ணாவை நெசவாளர்கள் மறக்க மாட்டார்கள். அவருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. 1968இல் நியூயார்க்கில் உணவுக்குழல் புற்றுக்கு அறுவை செய்துகொண்டார்; 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். வயது 59. ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுவே காரணம் என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் அந்நோய்க்கும் இப்பழக்கத்திற்கும் உள்ள உறவு இன்று ஐயத்திற்கு இடமில்லாதது. அவர் பெயரால் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இயங்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அப்பகுதி நெசவாளர்களுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. வடசென்னையார்க்கு ஸ்டான்லி மருத்துவமனையும், அரசு பல் மருத்துவக் கல்லூரியும், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன.

"என் பாட்டன் தொண்ணூறு வயது வரை போட்டார், ஒன்றும் ஆகவில்லை" என்பார் எல்லா ஊரிலும் உளர். புயலில் திரும்பிய படகைக் காட்டி, புயலில் கடலுக்குச் செல்லலாம் என்று எந்த மீனவரும் வாதிடுவதில்லை. திரும்பாதவர் வந்து சாட்சி சொல்ல முடியாது என்பதை அவர் அறிவார்.

செலவையும் பார்த்துவிடுவோம், கணக்கு நமது தொழில் அல்லவா? பொட்டலம் 10 ரூபாய், நாளுக்கு மூன்று என்றால் ஆண்டிற்கு 10,950 ரூபாய். நோய் வந்தபின் சிகிச்சைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆனால், படுத்திருக்கும் மாதங்களின் கூலியை எந்தத் திட்டமும் தருவதில்லை.

குட்காவையும் புகையிலை கலந்த பான் மசாலாவையும் தமிழக அரசு 2013இல் தடை செய்து, ஆண்டுதோறும் தடையைப் புதுப்பித்து வந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்க, அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சட்டம் ஒருபுறமிருக்க, பொட்டலம் பெட்டிக்கடையின் பின்புறமிருந்து வந்துகொண்டேயிருக்கிறது. ஆதலின் சட்டத்தை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

விட விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். முதல் மூன்று நான்கு நாட்களே கடினம். எரிச்சல், தலைவலி, உறக்கமின்மை தோன்றும். சில வாரங்களில் தணியும். வாய் எதையேனும் கேட்கும். சோம்பு, ஏலக்காய், வறுத்த கடலை ஆகியவற்றைக் கொடுக்கலாம். பாக்கு மட்டும் ஆகாது. மிகுதியாகப் போட்டு வந்தவர் மருத்துவரைக் கேட்டு நிகோட்டின் மெல்லுவில்லையைச் சிலகாலம் பயன்படுத்தலாம். 1800-112-356 என்ற எண்ணில் நடுவண் அரசின் இலவச ஆலோசனை கிடைக்கிறது. கடலுக்குச் செல்லாத நாட்களிலோ, தறிக்குப் புதுப் பாவு ஏற்றும் இடைவேளையிலோ நிறுத்தத் தொடங்குவது எளிது என்று விட்டவர்கள் நம்மிடம் கூறினர்.

சங்கங்கள் செய்யக்கூடியதும் உண்டு. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். வேறு கருவி பெரிதாக ஒன்றுமில்லை. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என 2005இல் முடிவு வெளியாயிற்று. நம் சங்கங்களும் பேரவைக் கூட்ட நாளில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரை அழைக்கலாம். ஒரு திங்களுக்கு முன்பே கடிதம் எழுதுதல் வேண்டும். வெளிச்சமுள்ள அறை, கைவிளக்கு, வாய் கொப்பளிக்க நீர் ஆகியன போதும்; ஒருவருக்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. பெண் அங்கத்தினர்களுக்குத் தனி அறை ஒதுக்குக. மீன் விற்கச் செல்பவர்கள் காலையில் வர இயலாதாகையால் அவர்கள் முறையைப் பிற்பகலில் வைத்துக்கொள்க.