வரவுக்கேற்ற திறன்பேசி



அறிவியல் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் கைப்பேசியும் ஒன்று. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு, கையில் ஏந்திய கருவியால் முதன்முதலாகப் பேசினார். பத்து ஆண்டுகள் கழித்து அக்கருவி விற்பனைக்கு அனுமதி பெற்றபோது அதன் விலை 3,995 டாலர். நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி, கைப்பேசிச் சேவையைத் தொடங்கி வைத்தார். அன்று செல்வர் கையில் மட்டும் இருந்த பொருள் இன்று காய்கறி விற்கும் அம்மையார் கையிலும் இருக்கிறது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே.

ஆனால் எளிதில் கிடைக்கும் பொருள் எளிதில் வாங்கத்தக்க பொருள் ஆகிவிடாது. நம்மில் பலருடைய வீட்டில் ஒரு திறன்பேசியின் விலை தந்தையின் ஒரு மாத உழைப்பு. அதே பணத்தில் ஒரு தம்பியின் பள்ளிக் கட்டணமோ, பாட்டியின் மருந்துச் செலவோ அடங்கியிருக்கும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் திறன்பேசி வழியே வந்தது. ஒரே பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் படித்த வீடுகளும் உண்டு. பேசியே இல்லாமல் பாடத்தை இழந்த வீடுகளும் உண்டு. ஆகவே திறன்பேசி வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எது வேண்டும், எவ்வளவுக்கு வேண்டும் என்று அறிந்து வாங்குவது எப்படி என்பதே நம் பாடம்.

1. தேவையை எழுதுக

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் "இன்றியமையாதவை" என்றும், வலப்பக்கம் "இருந்தால் நல்லது" என்றும் தலைப்பிடுங்கள். அன்றாடம் நீங்கள் செய்யப்போகும் வேலைகளை மட்டும் இடப்பக்கம் எழுதுங்கள். "என் தோழி வைத்திருக்கிறாள்" என்பது இரண்டு பக்கத்திலும் இடம்பெறாது.

தேவை ஆளுக்கு ஆள் மாறும். மேனிலைத் தேர்வு முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்குப் பாடக் குறிப்புகளைச் சேமிக்க இடமும், காலை முதல் மாலை வரை நிற்கும் மின்கலமும் வேண்டும். வீட்டில் தையல் தொழில் செய்யும் தாய்க்குத் துணியின் நிறத்தை உள்ளபடி காட்டும் படக்கருவியும், தையல் எந்திர ஓசையிலும் கேட்கக்கூடிய ஒலிபெருக்கியும் வேண்டும். பேரனிடம் பேச மட்டும் விரும்பும் பாட்டிக்குப் பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியே போதும். மூவரும் ஒரே பேசியை வாங்கினால் இருவருடைய பணம் வீண்.

2. உறுப்புகளை அறிக

விளம்பரத்தில் வரும் எண்களைக் கண்டு மயங்க வேண்டா. ஒரு சமையலறையை மனத்தில் வைத்துக்கொண்டால் அவை எளிதில் விளங்கும்.

செயலி எனப்படும் பிராசசர், சமையற்காரர். அவர் சுறுசுறுப்பானவராக இருந்தால் வேலை விரைந்து நடக்கும். ரேம் என்பது சமையல் மேடை. மேடை அகலமாக இருந்தால் பல பாத்திரங்களை ஒரே நேரத்தில் பரப்பி வேலை செய்யலாம். குறுகியதாயின் ஒன்றை எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றொன்றை வைக்க முடியும். சேமிப்பகம் என்பது சாமான் வைக்கும் அலமாரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில பெட்டிகளின் மேல் "4+4, மொத்தம் 8 ஜி.பி. ரேம்" என்று எழுதியிருப்பார்கள். பின்னால் வரும் 4 உண்மையான ரேம் அன்று; அலமாரியில் ஒரு தட்டை மேடையாகக் கணக்குக் காட்டுவது போன்றது. அதன் வேகம் குறைவு. முதலில் உள்ள எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். படிக்கும் பெண்ணுக்கு 6 ஜி.பி. ரேமும் 128 ஜி.பி. சேமிப்பகமும் இருந்தால் சில ஆண்டுகள் தொல்லையின்றி ஓடும். 64 ஜி.பி. என்று வாங்கினால், இயங்குதளமும் கூடவே வரும் செயலிகளும் ஏறத்தாழ 20 ஜி.பி.யை எடுத்துக்கொள்ளும். மீதி இடம் ஓராண்டிலேயே நிறைந்துவிடக்கூடும்.

மின்கலத்தின் கொள்ளளவை எம்.ஏ.எச். என்ற அளவால் குறிப்பர். இன்றைய பேசிகளில் 5,000 எம்.ஏ.எச். பரவலாகக் கிடைக்கிறது, ஒரு நாள் பயணத்துக்கு அது போதும். எந்த மின்கலமும் நாளடைவில் தளரும். பல நூறு முறை மின்னேற்றிய பிறகு அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளில் மின்கலத்தை மாற்ற நேரும் என்பதையும், மாற்றித்தரும் சேவை நிலையம் நம் ஊரில் உண்டா என்பதையும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

படக்கருவியின் மெகாபிக்சல் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் படம் நன்றாக இருக்காது. 50 மெகாபிக்சல் என்று சொல்லும் பேசிகள் பெரும்பாலும் நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டரை மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. பின்புறம் மூன்று கண்ணாடி வில்லைகள் தெரிந்தாலும், அவற்றுள் 2 மெகாபிக்சல் அளவுள்ளவை பெரும்பாலும் அழகுக்காகவே. கடையிலேயே ஒரு புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து, பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக இருந்தால் மாணவிக்கு அது போதும்.

5ஜி சேவை நம் நாட்டில் 2022 அக்டோபர் 1-ஆம் நாள் தொடங்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் பயன்படுத்த எண்ணுவோர் 5ஜி பேசியைத் தேர்ந்தெடுப்பது நன்று. ஆயினும் அதற்காக ரேமையும் சேமிப்பகத்தையும் குறைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

3. கண்ணுக்குத் தெரியாத உறுப்பு

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாததும், நாம் கேட்க மறப்பதும் ஒன்று உண்டு. அதுவே பாதுகாப்புப் புதுப்பிப்பு. திருடர்கள் புதுப்புதுச் சாவி செய்யும்போது வீட்டுப் பூட்டையும் மாற்ற வேண்டும் அல்லவா? அதுபோல, தயாரிப்பாளர் அவ்வப்போது அனுப்பும் புதுப்பிப்புகளே பேசியின் பூட்டைக் காக்கின்றன. வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் உள்ள பேசிக்கு இது மிகவும் தேவை.

சில தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் புதுப்பிப்பு அளிக்கிறார்கள். கூகுள் 2023-இல் வெளியிட்ட பிக்சல் 8 பேசிக்கும், சாம்சங் 2024-இல் வெளியிட்ட எஸ் 24 பேசிக்கும் ஏழாண்டு உறுதி அளிக்கப்பட்டது. அவை விலை உயர்ந்தவை. ஆனால் 2024-இல் வெளிவந்த குறைந்த விலை ஏ 16 5ஜி பேசிக்கும் சாம்சங் ஆறாண்டு உறுதி அளித்தது. எனவே நம் வரவுக்குள்ளும் இதனைக் கேட்டுப் பெற முடியும்.

ஒரு நுட்பத்தை மறவாதீர்கள். இந்த ஆண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, பொதுவாக அந்த வகைப் பேசி முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணப்படும். மூன்றாண்டு உறுதியுள்ள பேசியை, அது வந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் நமக்கு மிஞ்சுவது ஓராண்டே. தள்ளுபடிக்குக் காரணமும் பல வேளை அதுதான். பழைய இயங்குதளங்களைச் செயலிகளும் ஒருநாள் கைவிடும். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 பேசிகளில் வாட்ஸ்அப் இயங்காமற்போனது இதற்குச் சான்று.

4. கணக்குப் போடுக

விலைச் சீட்டில் உள்ள தொகை முழுச் செலவு ஆகாது. அதைப் பயன்படும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள்.

9,000 ரூபாய்ப் பேசி இரண்டு ஆண்டுகள் உழைத்தால், 24 மாதங்களுக்கு மாதம் 375 ரூபாய். 14,400 ரூபாய்ப் பேசி நான்கு ஆண்டுகள் உழைத்து, நடுவில் மின்கலம் மாற்ற 1,440 ரூபாய் ஆனாலும், மொத்தம் 15,840 ரூபாய். 48 மாதங்களுக்கு மாதம் 330 ரூபாயே. ஆகவே மலிவானது எப்போதும் மலிவு அன்று. அதற்காக 40,000 ரூபாய்ப் பேசி வாங்கினால் அது எட்டு ஆண்டுகள் உழைத்தாலும் மாதம் 416 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாதக் கட்டணம் வேறு. 28 நாள் திட்டத்தில் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். ஒரு முறைக்கு 300 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 3,900 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 15,600 ரூபாய். பேசியின் விலையை விட இது அதிகம்! முப்பது நாள் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் விதித்தது. அதைக் கேட்டுப் பாருங்கள். பேச மட்டும் பயன்படுத்தும் பாட்டிக்கு, இணையம் இல்லாத திட்டம் இருக்க வேண்டும் என்றும் 2024 டிசம்பரில் ஆணை பிறப்பிக்கப்பட்டது.

5. தவணை என்னும் தூண்டில்

"வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைக் கடைதோறும் காண்கிறோம். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு பேசியின் விலை 12,000 ரூபாய். ரொக்கமாகக் கொடுத்தால் 500 ரூபாய் தள்ளுபடி, ஆக 11,500. தவணையில் வாங்கினால் அந்தத் தள்ளுபடி கிடையாது. மாதம் 1,200 வீதம் 10 மாதம், 12,000 ரூபாய். இதனுடன் நடைமுறைக் கட்டணம் 400. அதற்கு 18 விழுக்காடு வரி 72. மொத்தம் 12,472 ரூபாய். வித்தியாசம் 972 ரூபாய். பெயர் வட்டியில்லை, பணம் மட்டும் போகிறது. ஒரு தவணை தவறினால் தண்டத்தொகை வேறு. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை 2013-இல் ரிசர்வ் வங்கியும் எடுத்துரைத்தது.

தவணையே தவிர்க்க முடியாதபோது, மொத்தம் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் அறிமுகமில்லாச் செயலிகளை ஒருபோதும் நாடாதீர்கள். பேசியிலுள்ள முகவரிகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மிரட்டும் கும்பல்கள் உண்டு. அப்படி ஒன்று நேர்ந்தால் அஞ்சி மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

6. பிறர் பயன்படுத்திய பேசி

குறைந்த வரவுள்ளோர்க்கு இதுவும் நல்ல வழியே. ஆனால் திருட்டுப் பொருளை வாங்கிவிடக் கூடாது. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் தோன்றும். அது பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், பேசி தடை செய்யப்பட்டதா, போலி எண் கொண்டதா என்று தெரிந்துவிடும். ரசீது இல்லாத பேசி எவ்வளவு மலிவாயினும் வேண்டா. பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டதா என்பதையும் அவர் முன்னிலையிலேயே பாருங்கள்.

நம் பழைய பேசியை விற்கும்போதும் கவனம் தேவை. படங்களைப் படி எடுத்துக்கொண்டு, கணக்குகளை நீக்கி, பேசியை முழுதும் அழித்த பின்னரே கொடுக்க வேண்டும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது கூடவே இருந்து பார்த்து வாங்குவது பெண்களுக்குப் பாதுகாப்பு.

7. கடையில் கேட்க வேண்டியவை

மின்னேற்றி பெட்டியில் உண்டா? வரி சேர்த்த விலை என்ன? சேவை நிலையம் எங்கே? திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும்? புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை? கதிர்வீச்சு அளவு என்ன? (நம் நாட்டில் இதன் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், *#07# என்று அழுத்திப் பார்க்கலாம்.) ரசீதில் ஐ.எம்.ஈ.ஐ. எண் எழுதப்பட்டுள்ளதா? இவற்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டா. பணம் கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

முடிவுரை

வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தை வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்துள்ளார். கோபுரம் கட்ட எண்ணுபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவதை உவமையாக நம் ஆண்டவரும் கூறினார். 2015-இல் வெளிவந்த 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பொருள்களைப் பயன்படுத்தித் தூக்கியெறியும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் கண்டித்தார். நன்கு தேர்ந்த ஒரு பேசியை நெடுநாள் பேணுவது சிக்கனமும் ஆகும்; படைப்பைக் காக்கும் கடமையும் ஆகும். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட இளைஞர் கார்லோ அகுதிஸ், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்தவர். 2006-இல் தம் பதினைந்தாம் வயதில் மறைந்தவர். அவர் கணினியில் வல்லவராயினும் அதற்கு அடிமை ஆகவில்லை.

மாணவியரே! பேசி வேண்டுமென்று வீட்டில் கேட்கும் நாள் வரும்போது, விளம்பரத்தாளை நீட்டாதீர்கள். உங்கள் கையால் எழுதிய தேவைப் பட்டியலையும் கணக்கையும் தந்தையின் முன் வையுங்கள். அவர் "இப்போது முடியாதம்மா" என்று சொன்னால், அந்தச் சொல்லை அவர் எவ்வளவு வருத்தத்தோடு சொல்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி

1. 9,600 ரூபாய்ப் பேசி 2 ஆண்டுகளும், 16,800 ரூபாய்ப் பேசி 1,200 ரூபாய் மின்கலச் செலவுடன் 4 ஆண்டுகளும் உழைக்கும். எதற்கு மாதச் செலவு குறைவு?

2. 2024 மார்ச்சில் சந்தைக்கு வந்த பேசிக்கு 4 ஆண்டு புதுப்பிப்பு உறுதி. அதை 2026 ஜூனில் வாங்குபவருக்கு எத்தனை மாதங்கள் மிஞ்சும்?

3. உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவரவர் தேவைப் பட்டியலைத் தயாரிக்கவும்.

(விடை: 1. இரண்டாவது, 400 ரூபாய்க்கு எதிராக 375 ரூபாய். 2. 21 மாதங்கள்.)