பிறந்ததைப் பேணிய பெருந்தகை

மகவு பிறப்பது ஒரு நொடியில். அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய காவலோ நெடியது. இவ்வுண்மையை மருத்துவத்தில் உணர்ந்து, கல்விப் பணியிலும் கைக்கொண்டவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார்.

அவர் 1887ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் கர்நூலில், இரட்டைக் குழந்தைகளுள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்த இராமசாமி முதலியார் சட்டத்தை நாடினார். இலட்சுமணசாமியார் மருத்துவத்தை நாடினார்.

எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையே அவர்தம் பணிக்களமாயிற்று. அக்காலத்தில் பிள்ளைப்பேறு பெண்டிர்க்கு மறுபிறப்பாகவே இருந்தது. குருதிச் சோகையும், வலிப்பும், பேற்றுக்குப்பின் வரும் காய்ச்சலும் தாயர் பலரை மாய்த்தன. கருவுற்ற நாள்தொட்டுக் கண்காணித்தால் இவற்றுட் பலவற்றைத் தடுக்கலாம். இத்துறையில் தாம் பெற்ற அறிவைத் திரட்டி, 1938இல் மகப்பேற்று மருத்துவம் பற்றிய பெருநூலை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்வந்தோர் அதனைப் புதுக்கிப் புதுக்கிப் பதிப்பித்தனர். தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர் அதனைக் கற்றனர்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக விளங்கிய அவர், 1942இல் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தரானார். 1969 வரை, 27 ஆண்டுகள், அப்பொறுப்பைத் தாங்கினார். 1944இல் வள்ளல் அழகப்பரின் கொடையால் கிண்டியில் தொழில் நுட்பக் கல்லூரி தோன்றியது. அவ்வள்ளல் நிறுவிய இராமானுசன் கணித நிலையம், 1957இல் அவர் மறைந்ததும், தாயை இழந்த சேய்போல் நின்றது. பல்கலைக் கழகம் அதனைத் தன் மடியில் ஏந்திக் காத்தது. ஒரு நிலையத்தைத் தோற்றுவிப்பதினும் அதனைப் பேணி வளர்ப்பது அரிதன்றோ?

1952இல் நடுவண் அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். எல்லா மாணவரையும் ஒரே வழியிற் செலுத்தலாகாது. அவரவர் நாட்டத்திற்கேற்ற பாடங்கள் வேண்டும். தாய்மொழி வாயிலாகக் கற்பித்தல் வேண்டும். இறுதித் தேர்வு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது என அக்குழு அறிவுறுத்தியது. ஒவ்வொரு மகவும் தனித்தன்மை உடையதெனக் கண்ட மருத்துவரின் தலைமையில் இக்கருத்துகள் எழுந்தது பொருத்தமே.

1961இல் புதுதில்லியில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவைக்கும் அவர் தலைவரானார். 1974இல் அவர் மறைந்தார். சென்னையின் தென்பால் தரமணியில் உள்ள மருத்துவ அடிப்படை அறிவியல் பட்டமேற்படிப்பு நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உடலின் வளர்ச்சிக்கும் மகப்பேற்றுக்கும் துணைசெய்யும் சுரப்பிகளைப் பற்றி ஆராயும் துறையும் அங்கு உண்டு.

துன்பம் வந்தபின் துடைப்பது நன்று. வருமுன் காப்பது அதனினும் நன்று. அவர் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.