முதிய காவல் நாய்களின் இருமலும் இளைப்பும்

களத்தையும் பட்டியையும் பல வருஷங்கள் காத்த நாய் இருமத் தொடங்கினால், அதனை மூப்பின் இயல்பென்று விட்டுவிடுவது வழக்கம். அது தவறு. வயது முதிர்ந்த நாய்களில் இருதய வால்வுகள் தடித்துச் சரிவர மூடாமற் போவதுண்டு. அதனால் இரத்தம் பின்னோக்கிக் கசியும், இருதயம் பருக்கும், முடிவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். கொசுக்கடியினாற் பரவும் இருதயப்புழுவும், நுரையீரல் செல்லும் இரத்தக் குழாய்களில் தங்கி, இருமலையும் இளைப்பையும் உண்டாக்கும்.

நுரையீரலில் நீர் சேர்வதை முன்கூட்டி அறிய எளிய வழி ஒன்றுண்டு. நாய் அயர்ந்து உறங்குகையில், விலா ஒரு முறை உயர்ந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, ஒரு நிமிஷம் எண்ணுதல் வேண்டும். நாள்தோறும் எண்ணி, தேதியுடன் குறித்து வருவது நலம். தொகை 30-க்கு மேற்பட்டே நின்றால், தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் அக்குறிப்புடன் காட்டுக. ஈறும் நாவும் நீலம் பாய்ந்தால் ஒரு நாழிகையும் பொறுத்தலாகாது.

வால்வு நோய் முற்றிலும் தீராதாயினும், நீரை வெளியேற்றும் மருந்தாலும் இருதயத்துக்கு வலுவூட்டும் மருந்தாலும் நாயின் ஆயுள் நீளும். மனிதருக்குரிய இருமல் மருந்தைப் புகட்டுதல், கருவாடு முதலிய உப்பு மிகுந்த உணவளித்தல், வெயிலில் ஓடவிடுதல் ஆகியவற்றை அறவே விலக்குக.