விடுகைப் பத்திரத்தை அவசரப்பட்டு வாங்காதீர்கள்

காங்கேசன்துறை வீதியில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மனம் விளங்கும். சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றி நிரம்பிய வான்கள், இடிபட்டு இருக்கும் பிள்ளைகளோடு ஓட்டோக்கள், தகப்பனின் மோட்டார்சைக்கிளில் முன்னுக்குக் குந்தியிருக்கும் சின்னதுகள் எல்லாம் தெற்கே, நகரத்தை நோக்கித்தான் போகும். அதே வீதியின் இரு பக்க ஒழுங்கைகளிலும் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் உண்டு. அங்கே அந்த நேரம் கூட்டித் துப்புரவாக்கிய முற்றமும், வகுப்புக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகளும், அவர்களுக்கு ஆசிரியர்களும் இருப்பார்கள்.

இதை எழுதுபவர் கோண்டாவிலில் இருக்கும் ஒரு தாய். இரண்டு பிள்ளைகள். மூத்தவளை 2018இல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாந் தரத்தில் சேர்த்தார். அன்றைக்குத் தொடங்கிய புத்திமதி இன்னும் ஓயவில்லை. மச்சாள்மார் சொன்னார்கள், முன்வீட்டு அக்கா சொன்னார், கனடாவிலிருந்து பெரியம்மா வட்ஸ்அப்பில் சொன்னார்: "ரவுண் பள்ளிக்கூடத்திலை போடாமல் பிள்ளையின்ரை எதிர்காலத்தைக் கெடுக்கிறாய்." இவர்களில் ஒருவர்கூட அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தவர் இல்லை. தங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனவர்களே, பிறகு வெறுமையான வாங்குகளைக் காட்டி, "பாருங்கோ, அங்கை பிள்ளையளே இல்லை" என்றார்கள்.

முதலாந் தர அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறப்புச் சான்றிதழ், விதானையாரின் வதிவிட அத்தாட்சி, வாக்காளர் இடாப்புப் பதிவு, காணி உறுதி அல்லது பதிந்த குத்தகை உடன்படிக்கை, கரண்ட் பில். வாக்காளர் இடாப்பை ஐந்து வருடத்துக்குப் பார்ப்பார்கள். கலியாணம் செய்து வந்த கையோடு பெயரைப் புகுந்த வீட்டு விலாசத்துக்கு மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் முதலாந் தர அனுமதி பற்றிய கல்வி அமைச்சின் சுற்றறிக்கையைப் பெற்றோர் ஒருமுறையாவது தாங்களே வாசிக்க வேண்டும், அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது. பல வருடங்களாக நடைமுறையில் இருக்கும் பங்கீட்டில் 50 வீத இடம் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு. 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கனவே படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் என்று பிரியும். அருகில் வசிப்போர் பிரிவில் இன்னொரு சங்கதியும் உண்டு: விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்டவாக வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால், அப்படி ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிப்பார்கள். கோண்டாவிலில் இருந்துகொண்டு நகரத்துக்கு விண்ணப்பித்தால் இடையில் எத்தனை பள்ளிக்கூடம் வரும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே பிள்ளையை அனுப்பு என்று அரசாங்கத்தின் விதியே சொல்கிறது. அதை மீற யாழ்ப்பாணத்தில் ஆட்கள் செய்கிற வேலைகளை, இல்லாத வாடகை வீடு முதல் இரவல் விலாசம் வரை, இங்கே எழுதி ஒருவருக்கும் வழி காட்ட இந்தத் தாய் விரும்பவில்லை.

எல்லாவற்றிலும் விலை கூடிய பிழை இரண்டாந் தரம் முடிந்த பிறகு நடந்தது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2019 மார்கழி விடுமுறை. அடுத்த வருடம் மூன்றாந் தரம், பிறகு புலமைப்பரிசில். "இனியாவது மாத்து" என்று வீட்டுக்குள்ளேயே நெருக்கடி. நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் தெரிந்தவர் மூலம் கேட்டபோது கிடைத்த பதில்: "விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ, பாப்பம்." அந்தப் 'பாப்பம்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய கையோடு ஊர்ப் பாடசாலைக்குப் போய்ப் பத்திரம் கேட்டார்கள். அதிபர் ஒன்றும் மறித்துச் சொல்லவில்லை. பெரிய சேர்விடாப்பை எடுத்து விரித்தார். பிள்ளையின் பெயர் இருந்த வரியில், சேர்ந்த திகதிக்கு நேரே, விலகிய திகதியை எழுதினார். காரணம் என்ற நிரலில் பேனையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்து, "என்னண்டு எழுத?" என்று கேட்டார். தகப்பன் "வசதி கருதி" என்றார். அதை எழுதி, பெயருக்குக் குறுக்கே அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தார். இலவசப் பாடப்புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

நகரத்தில் அடுத்த கிழமை வேறு கதை. வகுப்பு நிரம்பிவிட்டதாம். வலயத்தின் அனுமதி வேண்டுமாம். அனுமதிக்குப் போனால் பாடசாலையில் வெற்றிடம் இருப்பதாகக் கடிதம் வேண்டுமாம். கடிதம் கேட்டால் அபிவிருத்திச் சங்கத்துக்கு "ஏதாவது செய்யுங்கோ" என்ற பேச்சு. அனுமதிக்குக் காசு வாங்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதை எடுத்துச் சொன்ன பெற்றோருக்கு அதற்குப் பிறகு தொலைபேசியில்கூட ஒருவரும் கிடைக்கவில்லை. மாசி பிறந்தும் பிள்ளை வீட்டில். காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருப்பாள். கேற்றடியில் ஓட்டோச் சத்தம் கேட்டால் எழும்புவாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'வலய அனுமதி' என்றால் என்னவென்று எப்படி விளங்கப்படுத்துவது?

கடைசியில் திரும்ப ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே போனார்கள். பேச்சு வாங்க வேண்டிவரும் என்ற நினைப்போடு நின்றவர்களிடம் அதிபர் சொன்னது இதுதான்: "பிள்ளை என்ன பிழை செய்தது? நாளைக்கே அனுப்புங்கோ." சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது. இடாப்பின் அடியில் புதுச் சேர்விலக்கத்தோடு பெயரை மறுபடி எழுதினார். பிள்ளை வகுப்புக்குப் பழகுவதற்குள் 2020 மார்ச் நடுவில் கொரோனாவுக்காக நாடு முழுக்கப் பாடசாலைகள் பூட்டப்பட்டன. மூன்றாந் தரத்தின் பெரும்பகுதியைக் கொரோனா கொண்டுபோனது. அதற்கு முன் கிடைத்திருக்கக்கூடிய நாட்களை அந்தக் காகிதம் கொண்டுபோனது.

ஆகவே பெற்றோர் மனதில் வைத்திருக்க வேண்டியது: பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்ற நினைத்தால், புதிய பாடசாலை அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வைத்த கடிதம் கைக்கு வரும்வரை பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் கேட்கவே கூடாது. வாய்ப்பேச்சு, 'பாப்பம்', 'ஆளைத் தெரியும்' ஒன்றும் கணக்கில் இல்லை. நாலு பேர் கேட்கும்போது சொன்ன வாக்கும் கடிதம் ஆகாது. கடிதம் தர மறுக்கிற பாடசாலையில் இடம் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நகரத்துக்கு வெளியே நல்ல பாடசாலை இல்லை என்பவர்களுக்குக் குடாநாட்டின் வரலாறே தெரியாது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி 1838இல் தொடங்கியது. சுன்னாகம் ஸ்கந்தவரோதயா 1894. தெல்லிப்பழை மகாஜனாவைப் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கியது 1910இல்; கொக்குவில் இந்துவும் அதே வருடம். மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்ட அணி தேசிய மட்டத்தில் வெற்றிபெற்றுத் திரும்பும்போது பத்திரிகைகளில் வருகிற படத்தில் நிற்பவர்கள் வலிகாமத்து ஊர்ப் பிள்ளைகள். இவற்றில் ஒன்றும் யாழ். நகருக்குள் இல்லை.

பெரிய கல்லூரிகள் ஒரு பக்கம் இருக்க, ஒழுங்கைக்குள் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கும் பிறந்த கதை உண்டு. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய வழியில், ஊரவர்கள் காணி கொடுத்து, பிடியரிசி சேர்த்துக் கொட்டில் போட்டு நடத்தியவை அவற்றில் பல. 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் இந்து போர்ட் இராசரத்தினத்தின் உழைப்பால் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளைத் தன் கையில் வைத்திருந்தது. மிஷனரிமாருக்கும் ஊர்தோறும் பள்ளிகள் இருந்தன. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1960இன் கடைசியில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பெரிய கல்லூரிகளில் சில தனியாராகவே நின்றுகொண்டன. ஊர்ப் பள்ளிகளோ அரசாங்கத்தின் கைக்குப் போயின. அன்றிலிருந்து 'எங்கடை பள்ளிக்கூடம்' என்ற எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது. பெரிய கல்லூரிகளுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, ஸ்மார்ட் போர்ட் வருகிறது, பவிலியன் எழும்புகிறது. ஐந்தாந் தரத்தோடு முடிகிற பள்ளியில் அரிச்சுவடி படித்தவர்கள் எல்லோரும் தங்களைப் பிறகு படித்த கல்லூரியின் பழைய மாணவர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஏடு தொடக்கியபின் முதல் எழுத்தைக் கைபிடித்து எழுதுவித்த இடத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கிகூட வருவதில்லை. இது நன்றிகெட்ட வேலை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும்.

கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்தின் அருமை 2022இல் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த யூன் மாதம் பெற்றோல் நிலையங்களில் வரிசை கிலோமீற்றர்க் கணக்கில் நின்றது. எரிபொருள் இல்லாமல் நகர்ப்புறப் பாடசாலைகளை மூடினார்கள். போக்குவரத்துச் சிக்கல் இல்லாத கிராமப் பாடசாலைகளை நடத்த அனுமதித்தார்கள். நகரத்துக்கு வான் பிடித்து விட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது இந்தத் தாயின் மகள் ஐந்தாந் தரத்தில், தெருவோரமாக நடந்து போய் வந்தாள். அவளுடைய வகுப்பு ரீச்சரும் சைக்கிளில் வருகிறவர்தான்.

அந்த ரீச்சரைப் பற்றி ஒன்று. வகுப்பில் பிள்ளைகள் குறைவு என்பதைக் குறையாகப் பேசுகிறார்கள். குறைவாக இருந்ததால்தான் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் அன்றன்றைக்கே, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துத் திருத்த அவரால் முடிந்தது. மகளுக்கு 'ர'வும் 'ற'வும் மாறிமாறி விழும். ரீச்சர் சரி போடமாட்டார், பிழையும் போடமாட்டார். அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் சின்னதாய் ஒரு புள்ளி வைப்பார். பிள்ளை தானே வாசித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எந்த ஆசிரியருக்கு இதற்கு நேரம் கிடைக்கும்?

புலமைப்பரிசில் பரீட்சை அந்த வருடம் டிசம்பர் 18ஆம் திகதி நடந்தது. ஊர்ப் பிள்ளைகளில் கெட்டித்தனம் உள்ளவர்களுக்கு மத்திய கல்லூரிகளின் கதவைத் திறந்துவிட வந்த பரீட்சை அது. இன்றைக்கு அது நாலாந் தரத்திலேயே பிள்ளையின் பின்னேரத்தை ரியூசன் கொட்டிலுக்குக் கொடுத்துவிடுகிறது. மகள் 70 புள்ளிக்கு மேல் எடுத்தாள், வெட்டுப்புள்ளிக்குக் கீழே. மச்சாள்மாரின் முகத்தில் 'சொன்னோமே' என்பது எழுதி ஒட்டியிருந்தது. அதே ஒழுங்கையிலிருந்து நகரத்துக்குப் போய், மூன்று ரியூசன் எடுத்த பிள்ளைகளிலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டாதவர்கள் இருந்தார்கள். அவர்களின் தாய்மாரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் இப்போது வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் உள்ள மாகாணப் பாடசாலையில் படிக்கிறாள். தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரை எழுதி வலய மட்டம்வரை போனாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று பெற்றோர் நினைக்கக் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போக வேண்டும், தகப்பன்மாரும் போக வேண்டும். மகள் நாலாந் தரம் படித்தபோது ஆங்கில ஆசிரியர் பெயருக்கு இருந்தார், ஆள் இல்லை. 'இணைப்பு' என்ற பெயரில் வேறு பாடசாலைக்குப் போய்விட்டார். சம்பளம் இங்கே, படிப்பித்தல் அங்கே. கூட்டத்தில் முணுமுணுத்துவிட்டு வருவதால் ஒன்றும் நடக்காது. எந்தப் பாடம், எந்தத் தரம், எத்தனை பாடவேளை வெறுமையாய்ப் போகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றோர் எல்லோரும் கையொப்பம் வைத்து, அதிபர் ஊடாகக் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் கொடுத்தார்கள். பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அந்த முத்திரை முக்கியம். அது இல்லாவிட்டால் கடிதம் வரவே இல்லை என்பார்கள். அடுத்த தவணை ஆசிரியர் வந்தார்.

இளையவனுக்கு விண்ணப்பம் போட்டபோது வேறு பாடசாலை ஒன்றையும் எழுதவில்லை. அக்கா படித்த பள்ளிக்கூடம், அதே வகுப்பறை. கால்கோள் விழாவன்று மாலை போட்டு வரவேற்ற பிள்ளைகள் போன வருடத்தைவிடக் கூட. அதில் இரண்டு பேர் முன்வீட்டு அக்காவின் பேரப்பிள்ளைகள். இப்போது இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு ஆள் இல்லை. கடிதம் எழுதி முடிந்துவிட்டது. கையொப்பம் வைக்காத பெற்றோர் நாலைந்து பேர் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் அதிபரின் கந்தோருக்கு வந்து வைத்துவிட்டால் திங்கட்கிழமை வலயத்தில் கொடுக்கலாம்.