பின்னால் எஞ்சின், முன்னால் காற்று

ஃபோக்ஸ்வாகன் டி3 வேனை மலைப்பாதையில் ஓட்டியவர்கள் கண்ணாடியை அடிக்கடி பார்ப்பார்கள். பின்னால் எத்தனை கார் சேர்ந்துவிட்டது என்று எண்ணத்தான். 1.6 லிட்டர் டர்போ டீசல், 70 குதிரைத்திறன். அது இழுக்க வேண்டியதோ கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க், நாலு பேர் என்று இரண்டு டன்னைத் தாண்டும் கேம்பர். ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போகும் வழியில் பிரென்னர் கணவாய் வந்துவிட்டால் மூன்றாவது கியர்தான், லாரியோடு லாரியாக ஊர்ந்து ஏற வேண்டியதுதான்.

இந்த வேனுக்குள் வைத்த எஞ்சினுக்குத் தொழிற்சாலையில், டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் கொடுக்கவில்லை. அதே 1,588 சிசி டீசலை இன்டர்கூலரோடு ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் காரில் வைத்தபோது 80 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தப் பத்துக் குதிரைக்காகத்தான் டி3 வைத்திருப்பவர்கள் முப்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காற்றில் குளிரும் இன்டர்கூலர் போடுவதா, தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர் போடுவதா?

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 1979இல் டி3 வந்தபோது அதன் பெட்ரோல் எஞ்சின்களே காற்றில் குளிர்பவை; தண்ணீருக்கு மாறியது பிறகுதான். அந்தப் பழைய காற்று எஞ்சினுக்கு டர்போ போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இலேசான பீட்டில் காருக்குப் போட்டு விளையாடலாம், வேனுக்கு வேண்டாம். ஏற்றத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், அதோடு இணைந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றும், சுமையோ அப்போதுதான் உச்சம். சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாத நேரத்தில் டர்போ மேலும் சூட்டைக் கொட்டும். இனி இங்கே பேசப்போவது தண்ணீரில் குளிரும் டர்போ டீசலைப் பற்றியும், டர்போவிலிருந்து வெளிவரும் காற்றை எப்படிக் குளிர வைப்பது என்பதைப் பற்றியும்தான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும், டர்போவிலும் அதேதான். வெளிக்காற்று 30 டிகிரி, டர்போ அதை 0.8 பார் அழுத்துகிறது என்று வையுங்கள். வெளியே வரும்போது அது ஏறக்குறைய 110 டிகிரி. சூடான காற்று விரிந்த காற்று. அதே இடத்தில் பிராணவாயு குறைவு. அதை 50 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான காற்று சிலிண்டருக்குள் கூடுதலாகப் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 4,000 சுற்றில் அந்தக் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பம் 5 கிலோவாட்டைச் சற்றுத் தாண்டும். ஐந்து இஸ்திரிப் பெட்டியின் சூடு. இதை வேனுக்கு வெளியே எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும்.

எங்கே கொட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிரான்சிட், ஸ்பிரிண்டர், நம் ஊர் டிராவலர் போன்ற வண்டிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. எஞ்சின் முன்னால், காற்றும் முன்னால். ரேடியேட்டருக்கு முன்பாக ஒரு அலுமினிய இன்டர்கூலரை நிறுத்தி, இரண்டு ஹோஸ் மாட்டினால் வேலை முடிந்தது. பம்பும் வயரிங்கும் வேண்டாம், கெட்டுப்போக ஒன்றும் இல்லை. நேரடியாகக் காற்றுக்கே சூட்டைக் கொடுப்பதால், நல்ல காற்றோட்டம் இருக்கும் இடத்தில் இதைத் தண்ணீர் முறை மிஞ்ச முடியாது. தண்ணீர் முறையில் சூடு இரண்டு தடவை கை மாறுகிறது: காற்றிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து மறுபடி காற்றுக்கு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில டிகிரி தரகு போகும்.

டி3 தலைகீழ். எஞ்சின் பின் சக்கரங்களுக்குப் பின்னால், 50 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறது. மேலே சரக்குத் தளத்தின் மூடி, பக்கத்தில் சைலன்சர், சுற்றிலும் சூடு. ரேடியேட்டர் மட்டும் முன்னால்; அதிலிருந்து வேனின் அடிவயிறு நெடுக இரண்டு குழாய் ஓடி எஞ்சினுக்கு வருகிறது. சரி, இன்டர்கூலரையும் முன்னாலேயே வைத்துக் காற்றைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தால் என்ன? போக வர ஏழு மீட்டர், 50 மில்லிமீட்டர் குழாய் என்றால் உள்ளே கிட்டத்தட்ட 14 லிட்டர் இடம். இந்த எஞ்சின் 2,000 சுற்றில் வினாடிக்கு 26 லிட்டர்தான் விழுங்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டு, குழாய் முழுக்க அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே மந்தமான வண்டிக்கு இது வேண்டாத வேலை.

ஆகவே காற்று முறையை விரும்புகிறவர்கள் பின்னாலேயே இடம் தேடுகிறார்கள். முதல் இடம், பின் ஜன்னலை அடுத்த தூணில் இருக்கும் காற்றுத் துவாரம். வேனின் காது மாதிரி இரண்டு பக்கமும் இருக்கும். அதன் உட்புறம் இன்டர்கூலரைப் பொருத்தி, பின்னால் ஒரு மின்விசிறி வைக்கலாம். விசிறி கட்டாயம். துவாரம் பக்கவாட்டைப் பார்த்து இருப்பதால் வண்டி ஓடுகிற வேகத்தில் காற்று தானாக உள்ளே பாயும் என்று நம்ப முடியாது. இரண்டாவது இடம் வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸ் பக்கம், ஒரு தகடு வளைத்துக் காற்றைத் திருப்பிவிட்டு. பார்க்க எளிது. ஆனால் ஐரோப்பியக் குளிர்காலத்தில் சாலைக்குத் தூவும் உப்பு மெல்லிய அலுமினிய இதழ்களைத் தின்றுவிடும். மிச்சத்தைக் கல்லும் சேறும் பார்த்துக்கொள்ளும்.

தாழ்வான இடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எஞ்சினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை இன்டர்கூலரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தேங்கும். ஒருநாள் ஏற்றத்தில் முழுக்க மிதிக்கும்போது அந்த எண்ணெய் மொத்தமாக உறிஞ்சப்பட்டால், டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அடியில் பொருத்தினால் வருடத்துக்கு ஒருமுறை கழற்றி வடித்துவிடுங்கள்.

இப்போது தண்ணீர். காற்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவதற்குப் பதிலாக, முன்னால் குளிர்ந்த தண்ணீரைப் பின்னால் கொண்டுவருகிறோம். ஒரே கன அளவுக்குப் பார்த்தால் தண்ணீர் காற்றைப் போல ஏறக்குறைய 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும். அதனால் கட்டைவிரல் பருமனுள்ள குழாய் போதும். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே செங்கல் அளவுக்கு ஒரு இன்டர்கூலர் பெட்டி, ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப், முன்னால் தனியாக ஒரு சிறு ரேடியேட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால், அந்த 5 கிலோவாட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் 7, 8 டிகிரிதான் சூடேறும்.

தண்ணீரின் உண்மையான அழகு வேறு இடத்தில் தெரியும். லாரியைத் தாண்ட அரை நிமிடம் முழுக்க மிதிக்கிறீர்கள். சுற்றில் ஐந்து லிட்டர் தண்ணீர் இருந்தால், முன் ரேடியேட்டர் ஒரு வேலையும் செய்யாவிட்டாலும் அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் ஏறுவது 7 டிகிரிதான். வேன் ஓட்டுவதில் முழு மிதி என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னச் சின்னத் துண்டுகள்தான். ஃபோக்ஸ்வாகனே பிறகு தன் 1.4 டிஎஸ்ஐ பெட்ரோல் எஞ்சினில் தண்ணீர் இன்டர்கூலரை இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே வைத்தது. காற்று போகும் பாதை குறைந்தால் எஞ்சின் சட்டென்று பதில் சொல்லும்.

நீண்ட ஏற்றம் வேறு கதை. இருபது நிமிடம் தொடர்ந்து ஏறினால் தண்ணீரின் சேமிப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு முன் ரேடியேட்டர் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். இரண்டு தவறுகள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, தனிச் சுற்றுக்குச் சோம்பல்பட்டு எஞ்சினின் கூலண்டிலேயே இணைத்துவிடுவது. எஞ்சின் தண்ணீரே 90 டிகிரி. 110 டிகிரிக் காற்றை அதில் குளிப்பாட்டி என்ன ஆகப்போகிறது? இரண்டு, சிறு ரேடியேட்டரைப் பெரிய ரேடியேட்டருக்கு நேர் முன்னால் நிறுத்துவது. இன்டர்கூலர் கழித்த சூட்டை எஞ்சினின் ரேடியேட்டர் மூச்சாக இழுக்கும். டி3யின் வெப்பமானி முள் கோடையில் ஏற்கெனவே பயமுறுத்தும். முன்பம்பருக்குக் கீழே, தனக்கென்று ஒரு சிறு ஃபேனோடு தனியாக வையுங்கள்.

தண்ணீர் போட்ட பிறகு ஏர் எடுப்பது தனிப் பாடு. டி3யின் எஞ்சின் ரேடியேட்டருக்கே வண்டியின் மூக்கை ஜாக்கியில் தூக்கி, ரேடியேட்டரின் மேல் திருகைத் திறந்து, குமிழ் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது அந்தச் சடங்கு இரண்டு முறை. உறைபனி ஊரில் இந்தச் சுற்றுக்கும் கூலண்ட் கலவை வேண்டும், வெறும் தண்ணீர் கூடாது.

பழுதாகும் விதத்திலும் இரண்டுக்கும் குணம் வேறு. காற்று முறையில் ஹோஸ் கழன்றால் உடனே தெரியும்: இழுவை போய்விடும், கரும்புகை கிளம்பும், உஸ்ஸென்று சத்தம். கிளிப்பை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தண்ணீர் முறையில் பம்ப் செத்தால் ஒரு சத்தமும் இருக்காது. ஓட்டுகிறவர் அறியாமலே காற்றுச் சூடு ஏறும், அதோடு புகைச்சூடும். இந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடுவதில் பேர் போனது. ஆகவே தண்ணீர் போடுகிறவர் டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு காட்டும் மீட்டர் ஒன்று போடாமல் விடக்கூடாது. பம்புக்குத் தனி ஃபியூஸும் ரிலேயும் கொடுங்கள். ஹெட்லைட் ஒயரிலிருந்து பிச்சை எடுக்க வேண்டாம்.

என் முடிவு இது. எரிபொருளைக் கூட்டும் டீசல் பம்பின் திருகைத் தொடாமல், உள்ள 70 குதிரையை நீண்ட காலம் ஓட்ட விரும்புகிறவருக்குத் துவாரத்துக்குள் விசிறியோடு ஒரு சின்னக் காற்று இன்டர்கூலர் போதும். பழைய கார் உடைக்கும் யார்டில் கிடைப்பதை வைத்து ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். 90, 110 குதிரை டிடிஐ எஞ்சினை மாற்றி வைத்து, மலைநாடுகளில் சுற்றுகிறவருக்குத் தண்ணீர்தான். ஆனால் தனிச் சுற்று, தனி ரேடியேட்டர், மீட்டர் என்று முழுசாகச் செய்ய வேண்டும். அரைகுறைத் தண்ணீருக்கு ஒழுங்கான காற்றே மேல். இலங்கையில் ஓடும் ஹையேஸ் போல முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வண்டிக்காரர்கள் முன் எஞ்சினுக்கும் பின் எஞ்சினுக்கும் நடுவே நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்பக்கம் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, காற்றே போதும்.

எதைப் போட்டாலும் சோதனைக்குக் கருவி வேண்டாம். ஒரு ஏற்றம் ஏறி முடித்ததும் ஓரமாக நிறுத்தி, பின் மூடியைத் திறந்து, டர்போவிலிருந்து வரும் குழாயை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள், வெடுக்கென்று கையை இழுப்பீர்கள். இன்டர்கூலருக்கு அடுத்த குழாயைக் கை நிறையப் பிடிக்க முடிந்தால் வேலை நடக்கிறது. தண்ணீர் முறை என்றால் எஞ்சின் சூடு தணிந்த பிறகு இன்னொன்றும் பாருங்கள். ஒருவரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு இன்டர்கூலர் சுற்றின் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பாருங்கள். ஏர் எடுத்து முடித்த வண்டியில் புதிதாகக் குமிழ் வந்தால் பெட்டிக்குள் ஓட்டை. ஓடும்போது டர்போ காற்றைத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வண்டி நின்றதும் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கும். மறுநாள் காலை சாவியைத் திருப்புவதற்கு முன் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும்.